ஜெனீரா வீட்டு ஓடைச்செடி

எங்கள் ஒழுங்கையில் மொஹிதீன் நானாவுக்கு 'மீன் நானா' என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் அதை நம்பி, விருந்துக்கு முதல்நாள் பாரை மீன் இருக்கிறதா என்று அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர் விற்றது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற அலங்கார மீன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஒரு செருப்புக் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டிய அளவில் ஒரு கடை. "ஆக்கித் திங்க ஏலாத மீன வித்துக் குடும்பம் நடத்துற மனிசன்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நானா சிரித்துக்கொண்டு போவார். போன டிசம்பரில் அவர் மௌத்தாகிவிட்டார், திடீர் மரணம். நான் சொல்ல வந்தது அவருடைய மனைவி ஜெனீராவைப் பற்றி.

என் பெயர் ஷாகிரா. ஜெனீரா வீட்டுக்கு எதிர்வீடு. பள்ளிக்கூடச் சீருடையும் அபாயாவும் தைத்துக் கொடுக்கிறேன். தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால், அவர்கள் வீட்டு முற்றம் என் கண்ணில் படாமல் ஒருநாளும் போகாது. எட்டிப் பார்க்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

ஜெனீரா பண்டாரவளையில் ஒரு பேக்கரிக்காரரின் மூன்றாவது மகள். இருபது வயதில் கல்யாணம் முடித்து பதுளைக்கு வந்தாள். ஒரே மகள் றுஷ்தாவை வெலிமடையில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஜெனீரா அதிகம் பேசமாட்டாள். கர்வம் கிடையாது, உள்ளுக்குள் எதையும் வைத்துக்கொண்டு கறுவுகிற ஆளும் கிடையாது. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். கடைப்பக்கம் போகமாட்டாள், ஆனால் கடையின் பாதி வேலை அவள் கையில்தான் நடந்தது. நோய்ப்பட்ட மீனைத் தனி வாளியில் போட்டு உப்புத் தண்ணீரில் விடுவது, கண்ணாடிகளைத் தேய்ப்பது, மீனுக்குத் தீனியாகப் போடுகிற புழுவை வளர்ப்பது எல்லாம் அவள்தான். மீன்களின் இங்கிலீஷ் பெயர் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. 'செவந்த வால்காரன்', 'குண்டன்' என்று தன் பாட்டுக்குப் பெயர் வைத்திருந்தாள். நானாவும் வாடிக்கையாளரிடம் வாய்தவறி அதே பெயரைச் சொல்லுகிற அளவுக்குப் பழகிவிட்டார்.

அவர்கள் வீட்டு முற்றத்தில், ஒழுங்கைப் பக்க மதிலை ஒட்டி, ஜம்பு மரத்துக்குக் கீழே மூன்று தொட்டிகள் இருந்தன. நீல நிற பிளாஸ்டிக் பீப்பாயைக் குறுக்கே அறுத்துச் செய்தவை. அவற்றில் மீன் கிடையாது. அடியில் ஒரு சாண் சேறு, மேலே தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு செடி. முதன்முதல் பார்த்தபோது, இதற்கா இந்த மனிசர் காலையில் எழும்பியதும் பக்கத்தில் குந்திக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். விரல் நீளத்தில் இலை. ஓரம் லேசாக நெளிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் பச்சையும் தவிட்டு நிறமும் கலந்த ஒரு நிறம். புரட்டினால் அடிப்பக்கம் செம்மண் சிவப்பு. மீன் வளர்க்கிறவர்கள் அந்த வகைச் செடியையெல்லாம் 'கிரிப்டோ' என்கிறார்கள். நானா அதை 'ஓடைச்செடி' என்றார். அந்தப் பெயர் தோட்டத்திலிருந்து வந்தது.

தெமோதரைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பங்களாவில் இருக்கிற குளத்துக்கு மீன் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குவழியில் இறங்கி வந்தபோதுதான் நானா அந்த ஓடையைக் கண்டார். தேயிலை நட முடியாத ஒரு பள்ளம், நிறைய மரநிழல், நடுவில் சத்தமில்லாமல் நகர்கிற தண்ணீர். கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில் அதே தண்ணீர் பீலியாக விழும். அங்கே உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த கருப்பம்மா, கொழுந்தெடுக்கிறவர், தலையை நிமிர்த்திக் கேட்டாராம்.

"என்னங்க நானா, தண்ணிக்குள்ள எதையாச்சும் போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா, இந்தச் செடியப் பாக்குறேன். இதுக்கு என்ன பேரு?"

"அதுக்கு ஏதுங்க பேரு. ஓடையில இருக்கு, ஓடைச்செடி. மாடுகூடத் திங்காதுங்க."

இந்தக் கதையை நானா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அன்றைக்கு ஒரே ஒரு பிடி எடுத்து வந்தார். அதற்குப் பிறகு அந்த ஓடையில் கை வைக்கவில்லை. அவருடைய தம்பி ஜஸீல், கடையில் கூட நிற்கிறவன், கொழும்பில் இதை வாங்க ஆளிருக்கிறது, ஒரு சாக்கு அள்ளி வருவோம் என்று கேட்டுப் பார்த்தான். "ஓடையில புடுங்குறது குத்தம். தொட்டில வளந்தத வித்துக்க" என்றார் நானா. தொட்டியில் அது தானாகவே பெருகியது. சேற்றுக்குள்ளேயே வேர் ஓடி, இரண்டு விரல் தள்ளி இன்னொன்றாக முளைக்கும். பெருகினதை நானாவே பிரித்துக் கொடுக்க, அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் விற்றார்கள்; அந்தத் தொட்டிகளில் வேறு யாரும் கை வைத்ததில்லை.

அந்தச் செடிக்கு வேகமாக ஓடுகிற தண்ணீர் சரிவராது, தேங்கிக் கெட்ட தண்ணீரும் சரிவராது. நிழல் வேண்டும். மக்கின இலையும் மணலும் கலந்த சேறு வேண்டும். கோடையில் ஓடை சுருங்கி, இலையெல்லாம் தண்ணீருக்கு வெளியே நிற்கிற நாட்களில்தான் பூக்கும். பூ என்று யாராவது காட்டித் தராவிட்டால் தெரியாது. சேற்றோடு ஒட்டி ஒரு சின்னக் குழாய், அதன் வாயில் முறுக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மஞ்சள் நாக்கு. நானா தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து ஒருமுறை பூக்க வைத்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பாவம், முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத்தான் தோன்றியது. நல்ல வடிவு என்று சொல்லிவைத்தேன்.

போன நவம்பர் கடைசியில் பெய்த மழையைப் பற்றி ஊவா மாகாணத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தோட்டத்திலும் மலை உடைந்து அந்தப் பள்ளத்தோடு இறங்கியது. லயத்தின் கடைசிக் காம்பிராக்கள் நான்கும் போயின. கருப்பம்மாவின் காம்பிரா அதில் ஒன்று. ஆட்களை முதல்நாள் பின்னேரமே கோயில் மண்டபத்துக்கு ஏற்றியிருந்ததால் உயிர் தப்பினார்கள். பாதை திறந்ததும் நானா இரண்டு மூட்டை அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு போனார். இடுப்புவரை சேற்றோடு திரும்பி வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் தொட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தினார். ஜெனீரா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஜன்னலில் இருந்தேன்.

"ஓட இல்ல ஜெனீரா. பள்ளமே இல்ல. எல்லாம் மண்ணு" என்றார். தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இனி நம்மட கையில இந்த மூணு தொட்டிலதான் அது ஈக்கி. சித்திர கழியட்டும். தண்ணி ஒரு எடத்தால வெளிய வந்துதானே ஆகோணும். அங்க கொண்டுபோய் வெப்போம்" என்றார்.

ஜெனீரா, "ஆ" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு பகல் வேளையில், மீன் பையில் காற்றடித்து ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்த நானா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே சரிந்தார். ஐம்பத்து நான்கு வயது. அன்று மாலையே அடக்கம் முடிந்துவிட்டது. றுஷ்தா வந்து கத்திக் கத்தி அழுதாள். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்தபோது ஜெனீரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. வந்தவர்கள் ஈமான் உள்ள பொம்பிளை, நம்பிக்கை தளரவில்லை என்று பாராட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் கையைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீரில் ஊறின கை அது, ஆனாலும் எப்போதும் சூடாக இருக்கும். அன்றைக்கு எதுவுமே இல்லாத கையாக இருந்தது.

கணவன் இறந்தால் எங்களில் மனைவி இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி, அந்நிய ஆண்களின் முன்னால், கணவனின் தம்பி முன்னால்கூட, வராமல், வீட்டோடு இருப்பது. அது மார்க்கக் கடமை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் சொந்த முற்றத்தில் கால் வைக்கக்கூடாது, ஆகாயத்தைப் பார்க்கக்கூடாது, கண்ணாடியைத் துணியால் மூடவேண்டும் என்பதெல்லாம் நானாவின் அக்கா முஷ்ரிபா ராத்தா தன் மாமியாரிடம் படித்துக்கொண்டு வந்த சட்டம். ராத்தா ஜனாஸா அன்று வந்தவர், தம்பி மனைவிக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. எல்லோருக்கும் சமைத்தார், பாத்திரம் கழுவினார், இரவெல்லாம் ஓதினார். தான் தூக்கி வளர்த்த தம்பியை இழந்தவர். ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அவருக்குக் கிடைத்தது ஜெனீராவின் இத்தா.

ஒரு வாரம் கழித்துக் கருப்பம்மா வந்தார். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. நானும் அங்கே இருந்தேன். மூன்று பேரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். கருப்பம்மாவும் அழவில்லை. அவருடைய வீடும் மண்ணுக்குள் இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல வேற ஒரு எடத்துல தண்ணி ஒடச்சிக்கிட்டு வந்திருக்குதுங்கம்மா" என்றார் கருப்பம்மா கடைசியில். "நல்ல தண்ணி. மரநெழலு இருக்கு. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. நானா செடி கொண்டாறதா சொல்லியிருந்தாருங்க."

"நான் கொண்டு வாறேன்" என்றாள் ஜெனீரா. "இத்தா முடிஞ்சதும் வாறேன். சித்திர கழிஞ்சிடும்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஜனாஸா போனதிலிருந்து அவள் சொன்ன முழு வசனம் அது ஒன்றுதான். றுஷ்தா வெலிமடைக்கு வந்து இருக்கச் சொன்னபோது தலையைக்கூட ஆட்டாதவள், ஜஸீல் கடையை என்ன செய்வது என்று கேட்டபோது சுவரைப் பார்த்தவள், இதற்குத் தேதி சொன்னாள். அவளுக்கு உலகத்தில் செய்ய மிச்சம் இருந்தது அந்த ஒரு வேலை. மூன்று தொட்டியையும் சித்திரைவரை காப்பாற்ற வேண்டும்.

அன்று மாலையே அவள் முற்றத்துக்கு இறங்கப் போனாள். முஷ்ரிபா ராத்தா வாசலில் கையைக் குறுக்கே வைத்தார்.

"இத்தாவுல ஈக்கிற பொம்புள எங்க போற? மதிலுக்கு அங்கால பள்ளிக்குத் தொழப் போற ஆம்புளைகள். எட்டிப் பாத்தா தல தெரியும்."

"தொட்டிக்குத் தண்ணி ஊத்தோணும் ராத்தா."

"ஷாகிரா ஊத்துவா."

ஊற்றுகிறேன் என்றேன். ஊற்றவும் செய்தேன். ஆனால் ஜெனீரா ஜன்னல் திரையின் இடுக்கால் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அடுத்த நாளும் நின்றாள். அதற்கடுத்த நாள் மிக மெல்லிய குரலில் ராத்தாவிடம் கேட்டாள், நான் வெளியே போகக்கூடாதென்றால் தொட்டிகளை உள்ளே கொண்டுவரலாமா என்று. ராத்தாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும்தான். சட்டமும் உடையாது, அவளுக்கும் கண்ணெதிரே இருக்கும். யாருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

ஜஸீலும் இன்னொரு பையனும் வந்தார்கள். சேறும் தண்ணீருமாக அந்தப் பீப்பாய்களை அசைக்க முடியவில்லை. அதனால் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு, செடியைச் சேற்றோடு வாரி வாளியில் போட்டு, காலித் தொட்டிகளைக் குசினிக்குப் பின்னால் இருக்கிற கூரை போட்ட இடத்தில் வைத்து, திரும்ப நட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பினார்கள். அரை நாள் வேலை. ஜெனீரா திரைக்குப் பின்னால் நின்று, "மெதுவா ஜஸீல், மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்கள் போன பிறகு ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று ராத்தா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

நாலைந்து நாளில் இலைகளின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆனது. தொட்டால் விரலோடு வந்தது. ஜெனீரா தண்ணீரில் ஏதோ கோளாறு என்று நினைத்து முழுவதையும் இறைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். இன்னும் மோசமானது. திரும்பவும் மாற்றினாள். ஒரு கிழமைக்குள் இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாகக் கரைந்து சேற்றின்மேல் படிந்துவிட்டது. தண்ணீர் நாறத் தொடங்கியது. நான் பார்க்கப் போனபோது அவள் அதே பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் சாகடிச்ச" என்றாள். வீட்டில் உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வாளே, அதே குரலில். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எந்தச் செடியும் அந்த நிலைக்கு வந்தபிறகு பிழைத்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகும் அவள் அவற்றைக் கொட்டவில்லை. கொட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றாத ஒரு மரத்த நிலை அவளுக்கு. காலையில் எழும்புவாள், தொழுவாள், பலகையில் உட்காருவாள். நுளம்பு கடித்தாலும் தட்டமாட்டாள். கருப்பம்மாவுக்கு என்ன சொல்வது என்று ஒருமுறை மட்டும் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் எழும்பிப் போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் கத்தம் வந்தது. குர்ஆன் ஓதி, வருகிறவர்களுக்குச் சோறு கொடுக்கிற நாள். வெள்ளிக்கிழமை சமையலுக்கு ஆயத்தம் செய்து, சனிக்கிழமை ஓதுவதாக ஏற்பாடு. வியாழன் பின்னேரம் முஷ்ரிபா ராத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தத் தொட்டிகளுக்கு முன்னால் நின்றார்.

"ஜெனீரா, ஓதுற ஊட்டுல இந்த நாத்தம் ஏலாது. செத்தத வெச்சிட்டு என்ன செய்ற?"

ஜெனீரா அவரைப் பார்க்காமல், "ஜஸீல்கிட்ட கொட்டச் செல்லுங்க" என்றாள்.

ஜஸீல் வந்து, மூன்று தொட்டியையும் சாய்த்துச் சேற்றை வாரி, மதிலை ஒட்டி ஓடும் கானில் கொட்டினான். ஒழுங்கை முழுவதின் கழிவுத் தண்ணீரும் போகிற சீமெந்துக் கான் அது. மழை இல்லாத நாட்களில் அதில் சவர்க்காரத் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் ஊரும். மழை வந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு பதுளு ஓயா ஆற்றுக்குப் போய்விடும். தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். குசினிக்குப் பின்னால் பினாயில் வாசனை அடித்தது. ஜெனீராவின் பலகையையும் ராத்தா கழுவி வெயிலில் சாய்த்து வைத்தார்.

வெள்ளி மத்தியானம் நான் குசினித் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜெனீரா உள்ளி உரித்தாள். ராத்தா மூன்று அடுப்புக்கும் நடுவில் நின்றார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நமுனுகுல மலை பகலிலேயே மறைந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு ஜஸீல் வந்து, வழக்கம்போல நடைக்கு வெளியே நின்று, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான்.

"மதினி, ஒரு விசயம். காலைல திலீபன் வந்த, அப்புத்தளையில பேங்க்ல வேல செய்றவர். நானாட பழைய கஸ்டமர். அவர்ட தொட்டி மழையோட ஒடஞ்சிட்டாம். ஓடைச்செடி கேட்டார். எல்லாம் அழுகிச் செத்துட்டுது, கொட்டிட்டோம்ண்டு சென்ன. அந்த மனிசன் தலையில கை வெச்சிட்டார்."

"ஏன்?" என்றார் ராத்தா.

"அது சாகல்லியாம். எடம் மாத்தினா, தண்ணி மாத்தினா, அப்பிடித்தானாம் செய்ற. இல முழுக்கக் கரைஞ்சி போகுமாம். வேர் சேத்துக்குள்ள உசிரோட ஈக்குமாம். சும்மா உட்டிருந்தா ஒரு மாசத்துல திரும்ப முளைக்குமாம். அவருக்கும் மொத தரம் அப்பிடி ஆகி, நானாதான் கொட்டாதீங்கண்டு செல்லித் தந்திருக்கார்." ஜஸீலின் குரல் இறங்கியது. "எனக்குத் தெரியா மதினி. தெரிஞ்சா கொட்டுவனா?"

ஜெனீரா கையிலிருந்த உள்ளியைத் தட்டில் வைத்தாள். எழும்பினாள். நான் வெங்காயத் தோல் போட்டுக்கொண்டிருந்த வாளியை எடுத்து, தோலைத் தரையில் கொட்டினாள். எங்களுக்கு விளங்குவதற்குள் திரையை விலக்கிக்கொண்டு, ஜஸீலையும் தாண்டி, முற்றத்தில் இறங்கி, கேற்றைத் திறந்துவிட்டாள்.

"ஜெனீரா!" என்று ராத்தா கத்தினார். கரண்டியோடு வாசல்வரை ஓடினார், நானும் பின்னால் ஓடினேன்.

ஜும்ஆ விட்டு ஆண்கள் ஒழுங்கை நிறைய வந்துகொண்டிருந்தார்கள். தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, ஊரில் அவளைக் காணக்கூடாத அத்தனை பேரும். ஜெனீரா வெள்ளைச் சீலையோடு, செருப்பில்லாமல், நடுத்தெருவில் நடந்துபோய்க் கானுக்குள் இறங்கினாள். முழங்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அடியில் துழாவினாள். முன்னால் வந்தவர்கள் திகைத்து நின்றார்கள், பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் குனியவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில், "என்னத்தப் பாக்குறீங்க? போற வேலயப் பாருங்க!" என்று கத்திவிட்டேன். ஜஸீல் ஓடிப்போய்த் தன் ஆட்டோவைத் தள்ளி ஒழுங்கையின் குறுக்கே நிறுத்தினான். "மத்தப் பாதையால போங்க, தயவு செஞ்சி" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினான்.

முதல் மழைத்துளி விழுந்தது. நான் கானின் ஓரத்தில் குந்தி வாளியைப் பிடித்தேன். சேற்றில் பிளாஸ்டிக் பை, முடிக்கற்றை, மீன் செதிள், சோற்றுப் பருக்கை எல்லாம் வந்தது. ஜெனீரா ஒவ்வொரு பிடியையும் விரலால் பிசைந்து, தண்ணீரில் அலசிப் பார்த்தாள். பிறகு ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். சின்னி விரல் பருமன் வேர்க்கட்டை, வெள்ளை வேர்கள் தொங்கின. அதன் உச்சியில், நகத்தின் நுனி அளவுக்கு, சுருண்டிருந்த ஒரு சிவந்த இலை. அதை அவள் பார்த்தாள். நான் பார்த்தேன். அவள் அதை வாளியில் வைத்துவிட்டு இன்னும் வேகமாகத் தோண்டினாள்.

ராத்தா மீண்டும் வீட்டுக்குள் ஓடுவதைக் கண்டேன். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் பெரிய வெள்ளை விரிப்பு இருந்தது. நாளைக்கு ஓத வருகிறவர்கள் உட்காரக் கழுவி மடித்து வைத்தது. ஒரு முனையை என்னிடம் எறிந்தார். "புடி" என்றார். நான் வாளியைக் கரையில் வைத்துவிட்டு, ஜெனீராவைத் தாண்டிப் போய்ப் பிடித்தேன். தெருவுக்கும் ஜெனீராவுக்கும் நடுவில் சுவர் மாதிரி இரண்டு பேரும் அதைத் தூக்கிப் பிடித்தோம். மழை கொட்டத் தொடங்கியது. கானில் தண்ணீர் ஏறியது, நிறம் மாறியது. வாளியின் அடியில் ஒரு பிடி வேர் சேர்ந்திருந்தது. அதற்குமேல் அவள் கைக்கு எதுவும் வரவில்லை. வந்த தண்ணீர் எல்லாவற்றையும் அவள் விரல்களுக்கு நடுவால் இழுத்துக்கொண்டு போனது.

அப்போதுதான் ஜெனீரா தலையை நிமிர்த்தினாள். எங்களைப் பார்த்து அல்ல. ஆகாயத்தைப் பார்த்து அல்ல. முன்னால் யாரோ குந்தியிருப்பது போல நேரே பார்த்துக் கத்தினாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் குரலை இந்த ஒழுங்கை கேட்டதில்லை.

"ஒங்களுக்குத் தெரியும்தானே? இல கரைஞ்சாலும் சாகாதுண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே? அப்புத்தளையில ஈக்கிற மனிசனுக்குச் செல்லித் தந்தீங்க. எனக்கு ஏன் செல்லல்ல? அந்த மீனுக்கு உப்புப் போடு, இந்த மீன வெளிச்சத்துல வெக்காத, எல்லாம் செல்லித் தந்தீங்களே. இத மட்டும் செல்ல வாய் வரல்லியா? கடையில போய் உழுந்து சாக மட்டும் தெரிஞ்சிச்சா? ஒரு வார்த்த செல்லாம போனீங்களே மனிசா, நான் என்ன செய்ற? செல்லுங்க, நான் இப்ப என்ன செய்ற?"

கான் தண்ணீர் அவள் இடுப்பைச் சுற்றி ஓடியது. சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள். நான் விரிப்பை விட்டுவிட்டு அவளைத் தூக்கப் போனேன். "உடாத, புடி" என்றார் முஷ்ரிபா ராத்தா. அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது. விரிப்பின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடியும் இரண்டு கையாலும் அதை உயர்த்திப் பிடித்தார்.